சமயபுரத்து ஹிப்பி

எதிர் வீட்டுப் பெண் பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் கோலமாவு கேட்டு வந்தாள். தரையைக் கூட்டுகிற மாதிரி அகலமான கால் வைத்த பேண்ட், கழுத்தில் கலர் கலராகப் பாசிமணி. நான் உற்றுப் பார்த்ததும், "இது ஹிப்பி ஸ்டைல் ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாது" என்றாள். எனக்கு வந்ததே கோபம்!

"அடியே, அம்பது வருசமா ஒரு ஹிப்பி கூடத்தான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த என் கணவரை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டாள், கோலமாவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சிரிக்கட்டும். இவர் ஹிப்பி ஆன கதை எனக்கு மனப்பாடம். எழுபதுகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வேனில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். அப்படி ஒரு வேன் பாடாலூர் பக்கம் ரிப்பேராகி நின்றுவிட்டது. பெரம்பலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் இவரும் இருந்தார். புளியமரத்தடியில் தோள்வரை முடி வளர்த்த ஒருவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தானாம். பாதியைப் பிய்த்து இவரிடம் நீட்டிச் சிரித்தானாம். நீ யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஆளுங்க, என்ன வேலை என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு மனுஷன் இப்படியும் இருக்கலாமா என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றோடு சலூனுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

கஞ்சா கிஞ்சா எல்லாம் இல்லை. பக்கத்தில் யாராவது பீடி பிடித்தாலே இருமுகிற ஆள். இவருடைய ஹிப்பித்தனம் முழுவதும் முடியிலும் பெல்பாட்டத்திலும்தான்.

நான் ஆண்டிமடத்துக்காரி. அப்போது டைப்ரைட்டிங் படிக்க அரியலூருக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இவர் பஸ்ஸைவிட்டு இறங்கினார். "ஹிப்பி போறான்டோய்!" என்று டீக்கடையில் இருந்தவர்கள் கத்தினார்கள். இவர் திரும்பி அவர்களைப் பார்த்து நன்றாகச் சிரித்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டு ஆண்கள் சும்மா நிற்கிறவனைப் பார்த்தே முறைப்பார்கள். கேலி பண்ணுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற ஆண்பிள்ளையை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். விழுந்துவிட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆறு மாதம் கழித்து என்னைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்தார். அரியலூரில் கிளார்க் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார், முடியைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேசரித் தட்டோடு கூடத்துக்கு வந்து நிமிர்ந்தால், அதே ஹிப்பி!

அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய கோபமும் உண்டு. ஹிப்பி என்றால் குளிக்காதவன், குடும்பத்துக்கு ஆகாதவன் என்பார். அவர் மாப்பிள்ளையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் எங்கள் பக்கம் ஓர் ஆண் முடி வளர்த்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"எந்தக் கோயிலுக்குத் தம்பி?" என்று அப்பா கேட்டார்.

இவர் நேர்மையின் திருவுருவம் இல்லையா, "இல்லீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"சமயபுரத்துக்குங்க!" என்று முந்திக்கொண்டார் இவருடைய அம்மா.

இவர் மறுபடியும் வாயைத் திறந்தார். நான் இவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினேன். வாய் மூடிக்கொண்டது. நாங்கள் ஜோடியாகச் செய்த முதல் காரியம் அந்தப் பொய்தான்.

"இந்தக் காலத்துல இப்புடி ஒரு பக்தியா!" என்றார் அப்பா. "அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே முடிய எறக்கிப்புடுவோம். வர்ற ஞாயித்துக்கெழம நாங்களும் சமயபுரம் வந்துடுறோம்."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அது மூன்று வருஷத்து முடி. என்னை இவர் பார்த்ததோ முக்கால் மணி நேரம். வருவாரா, மாட்டாரா? முடி வேண்டுமா நான் வேண்டுமா என்று கேட்கக்கூட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் நின்றுகொண்டு பஸ் பஸ்ஸாகப் பார்த்தேன். முதல் பஸ்ஸில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அம்மா "கோயிலுக்குப் போவமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். மூன்றாவது பஸ் திரும்பும்போதே ஜன்னலில் முடி பறப்பது தெரிந்தது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். கொசு என்றேன்.

கத்தி ஓட ஓட இவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், பஸ் ஸ்டாண்டில் சிரித்த அதே சிரிப்பு. உரித்த தேங்காய் மாதிரி தலை வெளியே வந்தது. அதில் சந்தனம் பூசியதும் நான் சிரித்த சிரிப்பில் அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். கல்யாண போட்டோவிலும் மொட்டைதான்.

முடி மறுபடி வளர்ந்தது. "இது ஆபீஸா சர்க்கஸா?" என்று மேலதிகாரி சத்தம் போட்டார். "வேண்டுதல் சார்" என்றார் இவர். அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ருசி கண்டவர் விடுவாரா? வருஷத்தில் ஒருநாள் சமயபுரத்தில் மொட்டை போடுகிற பக்தர், மற்ற நாளெல்லாம் ஹிப்பி. ரிட்டயர் ஆகும்வரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உலகத்தில் மற்ற ஹிப்பிகள் எல்லாம் முடியை வெட்டி வேலைக்குப் போய்விட்டார்களாம். அரியலூர் ஹிப்பி மட்டும் மாரியம்மன் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார்.

இவருடைய ஹிப்பித்தனம் வெறும் முடிதானே என்று நானும் முதலில் நினைத்தேன். லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று மகள் வந்து நின்றபோது நான் ஆடிப்போனேன். இவர் அவளிடம் கேட்டது ஒன்றுதான். "வெளிய நிக்கிறாரே, அந்தத் தம்பி சாப்ட்டாச்சா?"

ஆனால் அப்பாவை ஏமாற்றியது மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவரோ வருஷம் தவறாமல் ஆண்டிமடத்திலிருந்து கிளம்பிவந்து நடமாட முடிந்த காலம்வரை இவரோடு சமயபுரத்துக்கு வந்தார். அவர் வந்த கடைசி வருஷம், திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா, அது வேண்டுதல் முடியே இல்லப்பா. அன்னைக்குப் பொய் சொல்லிட்டோம்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே. வேண்டுதல் முடிக்கு எவனாச்சும் ஷாம்பு போடுவானா? வூடே கமகமன்னு இருந்துச்சே!"

"அப்பறம் ஏம்ப்பா இத்தன வருசம் கூடவே வந்தீங்க?"

அப்பா முன் சீட்டு மொட்டையைப் பார்த்தார்.

"நீ தலைய ஆட்டுனதயும் பாத்தேன். உனக்காவ இவன் முடிய விடுவானான்னு பாக்கத்தான் அன்னைக்கு வரச்சொன்னேன். விட்டான். எனக்கு அத ஒருதரம் பாத்தது பத்தல."