மெத்தையின் அடிப்பக்கம்

எங்கள் முன்னறையில் அத்தையின் மெஷின் நின்ற இடம், அது வருவதற்கு முன் அம்மா படுத்துறங்கிய இடம். காலடிப்பேட்டையில் எங்களுக்கு இருந்தது இரண்டே அறை. புதிதாக ஒரு மெஷின் உள்ளே வந்தால் யாராவது நகரத்தான் வேண்டும். அம்மா அடுப்போரத்துக்கு நகர்ந்தாள். பேசாமல் நகரவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. புளியந்தோப்பில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு துணிப்பையோடும் இனி அங்கே திரும்புவதில்லை என்ற முடிவோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தலை பின்னிவிடவும் கதை பேசவும் ஒரு ஆள் கிடைத்ததில் நானும் கேட்கவில்லை. அவள் முன்பு வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடியபோது, அங்கே தான் ஓட்டிய மெஷினையே வளையலை விற்று வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

அது சாதாரணத் தையல் மெஷின் அல்ல. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் ஸ்பான்ச். மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைக்கிற மெத்தை மெஷின். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. காத்துக்கிடக்கும் டிரைவர்கள் கேபினிலேயே தூங்கினார்கள். அவர்களுக்கு மெத்தை விற்ற சீட் கவர் கடைக்காரர் தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. தீபாவளிக்கு முன் மாதிரிக்கு ஒரு மெத்தை தைத்துக் காட்டு, நன்றாக இருந்தால் கடை வேலை மொத்தமும் உனக்குத்தான் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். வீட்டில் தீர்ப்பு சொல்வதும் அவர்தான். அந்த வேலை கிடைத்தால் மெஷின் இருக்கலாம். இல்லையென்றால் மெஷின் சாத்தாங்காட்டுக்கு, அத்தை புளியந்தோப்புக்கு. சாத்தாங்காட்டில் இரும்பை எடைக்கு வாங்குவார்கள். புளியந்தோப்பில் என்ன செய்வார்கள் என்பது அத்தைக்கு மட்டும் தெரியும்.

அம்மா அந்தத் தீர்ப்பை அடிக்கடி நினைவூட்டினாள். மெஷினின் மூலையில் இடுப்பை இடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சாத்தாங்காட்டின் பெயர் வந்துவிடும். அதனால்தான் அந்த ஆயுத பூஜை எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. அத்தை நூல் வாங்க ராயபுரம் போயிருந்த நேரத்தில், அரிவாள்மனைக்கும் அப்பாவின் சைக்கிளுக்கும் பொட்டு வைத்து முடித்த அம்மா, சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் முன்னால் வந்து நின்றாள். ஈரத்துணியால் துடைத்தாள். அதற்கு முகம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஊசிக்கு மேலே, முன்பக்கமாக, பளபளவென்று வட்டமாக ஒன்று இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அதன் மேல் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றினாள்.

திரும்பி வந்த அத்தை வாசற்படியிலேயே நின்று மெஷினைப் பார்த்தாள். கால் கழுவப் போனவள் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பூவை எடுத்துவிட்டு, பொட்டைத் துணியால் துடைத்துவிட்டு, மாதிரி மெத்தையைத் தைக்க உட்கார்ந்தாள். மேல்பக்கம் தையல் ஒழுங்காகத்தான் விழுந்தது. பக்கத்தில் நின்ற நான் மெத்தையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க நூல் சுருள்சுருளாகத் தொங்கியது. விரலை விட்டு இழுத்தால் தையல் அப்படியே உருவிக்கொண்டு வந்தது.

கோளாறு கீழே தெரிந்ததால் எல்லோரும் கீழேயே தேடினார்கள். அத்தை முதலில் ஊசியை மாற்றினாள். பிறகு கீழ்நூல் பாபினைக் கழற்றி, நூலைப் புதிதாகச் சுற்றி, அதன் திருகை இறுக்கினாள். அப்பா எண்ணெய் விட்டார். கடல் காற்றில் உள்ளே துரு ஏறியிருக்கும் என்றார், வின்ச்சுக்கு வரும் எல்லா நோய்க்கும் அவர் சொல்லும் காரணம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரி திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழம் கொடுத்தாள். பழத்தை மெஷினில் கட்டிய பிறகும் நூல் தொங்கியது.

அன்று சாப்பிடும்போது அப்பா பாதி விளையாட்டாகத்தான் அதைச் சொன்னார்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடினு இருந்துச்சி. நீ பூஜை போட்ட, பட்த்துக்கிச்சி. இன்னாமே பண்ண அதுக்கு?"

பேச்சுக்கு ஒருநாளும் பஞ்சம் இல்லாத அம்மா, பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குள் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்துவிட்டார். மெத்தையைக் கையில் எடுத்தவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார்.

"ஏம்மா, டிரைவருமாரு மொதல்ல இதத்தான் பாப்பானுவ. ஒருத்தன் ராத்திரி பொரண்டு படுத்தாம்னா காலையில நூலு பூரா கால்ல சுத்தியிருக்கும்லா."

இந்த வேலையை வேறு ஒருவரும் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை என்னைக் கூப்பிட்டாள். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா வேலையில்.

இந்த முறை அத்தை அவசரப்படவில்லை. ஒன்றை மட்டும் மாற்றுவாள், வெட்டுத்துணியில் ஒரு கோடு தைப்பாள், என்னிடம் நீட்டுவாள். நான் திருப்பிப் பார்த்து, "தொங்குது" என்பேன். மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். தொங்குது, தொங்குது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

கடைசியில் தைப்பதை நிறுத்திவிட்டு, மேல்நூலை மட்டும் விரலால் இழுத்தாள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டு இழுத்தால் நூல் சுலபமாக வர வேண்டும். பாதத்தை இறக்கினால் ஊசிக்கு மேலே இருக்கும் இரண்டு சின்ன வட்டத் தட்டுகள் நூலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். எனக்கும் இழுத்துக் காட்டினாள். இரண்டு தடவையும் நூல் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"புடிக்கல பாரு," என்றாள், தனக்குத்தானே. "மேல புடிக்கல. அதான் கீழ தொங்குது."

ஒரு துணி நாடாவைக் கிழித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, அந்தத் தட்டுகளுக்கு நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுத்தாள். நாடா மஞ்சளாகியது. மறுபடி இழுத்தாள். காய்ந்து கட்டியாகிப்போன சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, நடுவே கொஞ்சம் சிவப்பும். மேசை மேல் விழுந்த பொடியை அத்தை புறங்கையால் தட்டிவிட்டு, நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஒரு கோடு தைத்து என்னிடம் கொடுத்தாள்.

திருப்பினேன். அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒன்றுபோல இருந்தன. எது எது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

சாயந்திரம் அப்பாவும் அம்மாவும் வந்த பிறகு அத்தை எல்லோர் முன்னாலும் மெஷினைத் திறந்து, ஊசியைக் கழற்றி, புதிய ஊசி ஒன்றை மாட்டினாள். தைத்துக் காட்டினாள்.

"ஊசிதான் அண்ணி," என்றாள், அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து. "மொன மழுங்கிப் போய்க் கீது. வேற ஒண்ணியும் இல்ல."

ஊசியைத்தான் முதல் நாளே மாற்றினாயே என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் இருந்தது. அப்பா மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, ஒரு ஊசிக்கா இம்மாம் பேஜாரு?" என்றார். அன்று இரவு அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, அம்மா துவைத்துப் போட்ட துணிகளோடு அத்தை இடுப்பில் செருகியிருந்த அந்த நாடாவும் கொடியில் காய்ந்தது. கசக்கிப் பிழிந்தும் மஞ்சள் முழுக்கப் போயிருக்கவில்லை. அதில் எனக்கு விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது முன்னறையில் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காணோம். அடுப்போரத்துக்குப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் அத்தையின் ஸ்பான்ச் சுருள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணாச்சி மெத்தையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று கேட்டார். அத்தை புளியந்தோப்புக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குள் முன்னறையில் இரண்டாவது மெஷினும் வந்துவிட்டிருந்தது. அதில் தைக்கக் கற்றுக்கொண்டிருந்தவள் அம்மா. சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள் குனிந்து, இரண்டு மெஷின்களுக்கும் மேசைக் காலில் மட்டும் பொட்டு வைத்தாள்.

"முகத்துல வெக்கலையா?" என்று கேட்டேன்.

"வாணாம்," என்றாள் அம்மா. "அதுக்கு சந்தனம் ஆவாது. சளி புடிச்சிக்கும்."

அத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கதம்பம் கீழே விழுந்தது. அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விஷயம் தெரியாமல் அப்பாவும் கூடவே சிரித்தார். மெஷினுக்கு எப்படிச் சளி பிடிக்கும் என்று நான் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். பதில் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.