எஸ்தர் டீச்சரும் எபிரெயக் கல்லும்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தி விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்கு வந்தது. சிவகாசியிலிருந்து அவருடைய தம்பி செல்போனில் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு கண்டக்டர் மதுரை, மதுரை என்று கூவிக்கொண்டிருந்ததால் இரண்டாவது தடவை கேட்டபிறகுதான் விளங்கியது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு நிம்மதி வந்தது; இதை மறைப்பானேன். மூச்சுத் திணறலோடு அவர் பட்ட பாட்டை அவரை அறிந்த நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில் அந்தப் பாடு இல்லாமல் போனார்.

சிவகாசியில் எங்கள் பள்ளியில் அவர் வரலாறு, நான் தமிழ். மாணவிகளைச் சுற்றுலா கூட்டிப் போகச் சொன்னால் மற்றவர்கள் மதுரைக்கு மகால் பார்க்கப் போவார்கள். இவர் ஒருமுறை சாத்தூர் ரோட்டில் இருக்கும் பழைய பாப்டிஸ்ட் கல்லறைத் தோட்டத்துக்கு நடத்தியே கூட்டிப் போய்விட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். “செத்தவுக யாரையும் கடிக்க மாட்டாக சார். டிக்கெட்டும் கிடையாது” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அவரிடம் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். அன்று நடந்து கால் வலித்தவர்களும் இதை வாசிப்பீர்கள்.

ஓய்வு பெற்றபின் அந்தத் தோட்டமே அவருக்கு வேலையாகிவிட்டது. காரணம் சபைக் கமிட்டி. தோட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது. யாருடையது என்று தெரியாத பழைய கல்லையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக அடக்கம் செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். சவப்பெட்டியை வைத்துக்கொண்டு இடம் தேடும் சங்கடம் அவர்களுக்குத்தான் தெரியும். தீபாவளி முடிவதற்குள் வேலையை முடிக்கப் பார்த்தார்கள். சீசனில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டிருப்பவன் தாத்தா கல்லை அடையாளம் காட்ட எப்படி வருவான் என்று டீச்சர் சண்டை போட்டுப் புது வருஷம் வரை தவணை வாங்கினார். “கல்லப் பிடுங்க எம்புட்டு நேரமாகும்? வச்சவன் எம்புட்டு அழுதுட்டு வச்சானோ” என்று கமிட்டியில் கேட்டாராம்.

பிறகு ஒவ்வொரு கல்லாகப் பிரதி எடுத்தார். அச்சகத்தில் கொடுத்த மெல்லிய தாளைக் கல்லின்மேல் விரித்து, மெழுகுக் கலர்க் கட்டியால் தேய்ப்பார். கல்லில் குழிந்திருக்கும் எழுத்து தாளில் வெள்ளையாக நிற்கும். லை, னை எல்லாம் தும்பிக்கையோடு இருந்த காலத்து எழுத்து. அதை வாசிக்கத் தமிழய்யா வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார். நான் வாசித்ததைவிடக் குடை பிடித்ததுதான் அதிகம். அந்தக் கற்களில் பிறந்த நாளோடு முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற நாளையும் வெட்டியிருப்பார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு பிறந்த நாள், எனக்கு இரட்டை வேலை என்று டீச்சர் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு கல்லையும் விட மாட்டார்.

சாமுவேல் அண்ணாச்சி அப்போதுதான் வந்தார். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர், வயது எண்பதுக்கு மேல். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா அன்னம்மாள் இறந்துவிட்டார். அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். முதல் பெண்டாட்டிக்கு ஒரு கல் வைக்கக்கூட அவனுக்கு மனசு வரவில்லை என்று அம்மா வழிச் சொந்தம் சொல்லிச் சொல்லியே அண்ணாச்சி வளர்ந்தார். அதே தோட்டத்தில் அப்பாவுக்குப் பெயரெழுதிய கல் இருக்கிறது. அதன் பக்கம்கூட அவர் போனதில்லை. தோட்டத்தைக் கிளறிவிடுவதற்குள் தன் அம்மா எங்கே கிடக்கிறாள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று டீச்சரிடம் கேட்டார். நாங்கள் பிரதி எடுத்த எதிலும் அன்னம்மாள் இல்லை. மார்கழியும் பிறந்துவிட்டது. டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

மிச்சம் இருந்தது வேலியோரத்துக் கல் ஒன்றுதான். சுண்ணாம்பை அடித்து அடித்து எழுத்து பாதி மூடியிருந்தது. சிலர் அதை மலையாளம் என்றார்கள். எந்தக் காலத்திலோ வந்த ஒரு போதகர் எபிரெயம் என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதுமுதல் அதற்கு எபிரெயக் கல் என்று பெயர். எபிரெயர் ஒருவர் சிவகாசிக்கு வந்து எதற்குச் சாக வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. எடுக்க வேண்டிய கல் என்று கமிட்டி முதலில் அடையாளம் போட்டதும் அதில்தான். டீச்சர் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைச் சுரண்டி, கல் காய்வதற்குள் பிரதி எடுத்தார். தமிழ் மாதிரியும் இருந்தது, வாசிக்கவும் வரவில்லை. தமிழய்யாவின் மானம் அன்று கப்பலேறியது.

தாள் ஈரமாக இருந்ததால் அதை அவர் வீட்டு மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். எதிரே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காபியோடு வந்த நான் வெயில் தாங்காமல் தாளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்தப் பக்கத்து வெளிச்சம் தாளின் வழியாக வந்தது. “என் அன்னம்மாள்” என்று வாசித்தேன்.

“எந்தப் பக்கம் நின்னு வாசிக்கீக ஐயா?” என்று கேட்டுக்கொண்டே டீச்சரும் பின்னால் வந்துவிட்டார். கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிய தமிழ். எங்கள் பக்கத்திலிருந்து பார்க்க எல்லாம் நேராக இருந்தது. ‘என் அன்னம்மாள். கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள். சாலமோன் எழுதியது.’

சாலமோன் என்பது அண்ணாச்சியின் அப்பா பெயர். அன்று சாயங்காலமே அண்ணாச்சியைக் கூட்டிவந்து தாளின் பின்பக்கம் நிறுத்தினோம். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டு வாசித்தார். “எங்க ஐயா பிரஸ்ல லித்தோக் கல்லுல எழுதுறவுக. கல்லுன்னா மாத்தித்தான் எழுதுவாக” என்று அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

அதற்குமேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் தீப்பெட்டி லேபிளைக் கல்லிலிருந்துதான் அச்சடித்தார்கள். கல்லில் மாற்றி எழுதினால்தான் காகிதத்தில் நேராக விழும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் கல்லறைக் கல்லையும் அப்படியே எழுதியிருக்கிறார். எழுத்து தெரியாத கல்தச்சரும் பார்த்தபடி வெட்டிவிட்டார். கல்லை நிமிர்த்தி வைத்தபிறகு சாலமோனுக்குத் தெரிந்திருக்கும். ஊர் சிரிக்குமே என்று வாயைத் திறக்காமல் இருந்திருப்பார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. “துக்கத்துல கை தனக்குத் தெரிஞ்ச வேலையத்தான் செய்யும்” என்றார் டீச்சர்.

இதைக் கேட்டபின் கல்லைப் பிடுங்கும் பேச்சைக் கமிட்டியில் யாரும் எடுக்கவில்லை. ஆலங்குளம் போகும் வழியில் வேறு இடம் பார்த்தார்கள். அன்னம்மாளுக்கு எழுத்தை நேராக வெட்டிப் புதுக் கல் வைத்துத் தருவதாகவும் சொன்னார்கள். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. அவர் தன் அப்பா கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்ததை அந்த வருஷம்தான் பார்த்தேன். அன்று டீச்சர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கினார். அத்தனை லேசான முகத்தோடு அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

டீச்சரை அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். அவர் எடுத்த பிரதிகள் சபையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் எனக்கு எதுவும் வேண்டாம். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அடக்கத்தன்று காதில் விழுந்த ஒரு வார்த்தையைத்தான். எல்லோரும் மண் போட்டு விலகியபிறகு சாமுவேல் அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு குழியருகே வந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளினார், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க ஐயாவ எனக்குத் திருப்பிக் குடுத்தீக டீச்சர்” என்றார். பிறகு மண்ணைப் போட்டார்.