பெருக்கல் குறி போட்ட முட்டைகள்

எக்ஸ்ரே அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருபத்தாறு வருஷம் ஃபிலிம் கழுவியவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அதற்கு வீட்டுக்குப் பின்னால் அவள் வளர்க்கும் குட்டைக் கோழிகளும் ஒரு காரணம்.

பேண்டம் என்று சொல்லி வாங்கி வந்த கோழிகள் அவை. கைக்குள் அடங்கிவிடும் உருவம், தெருவையே கூட்டிவிடும் குரல். சேவலுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தவர் அவள் கணவர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர். "யூனிஃபார்ம் தைக்கக் கால் மீட்டர் துணி போதும். மிரட்டுற மிரட்டலைப் பாரு!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அடை படுப்பதில் அந்தப் பெட்டைகளை மிஞ்ச ஆளில்லை. பெரிய கோழி வைத்திருப்பவர்கள்கூட முட்டைகளைக் கொண்டுவந்து அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஏழாம் நாள் அவள் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, அட்டையில் வெட்டிய ஓட்டை வழியே டார்ச் அடித்து ஒவ்வொரு முட்டையாகப் பார்ப்பாள். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால் போலப் பரவியிருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சம் என்றால் கூமுட்டை. அதற்குப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, தோட்டத்து மூலையிலுள்ள எருக்குழியில் புதைத்துவிடுவாள். கூட்டிலிருந்து அள்ளும் எச்சமும் மரத்தூளும் போகிற குழி அது. "நான் குறி போட்டா போட்டதுதான்" என்பாள். அந்த விஷயத்தில் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான்.

அதனால்தான் கண்ணில் புகை படர்ந்ததை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. முதலில் டார்ச்சைக் குறை சொல்லி பேட்டரியை மாற்றினாள். பிறகு முட்டை ஓடு தடிமன் என்று முணுமுணுத்தாள். குறி விழும் முட்டைகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போயின. கணவர் கேட்டதற்கு, "கொண்டு வர்றவங்க பழைய முட்டையாப் பொறுக்கிக் கொண்டு வர்றாங்க" என்று ஊரார் தலையில் பழியைப் போட்டாள். கண்ணே தப்பு என்று ஒப்புக்கொள்ள அவளுக்குப் பயம்.

இந்தத் தடவை பக்கத்துத் தெரு டீச்சரம்மா கொடுத்த பன்னிரண்டு முட்டையில் மூன்றுக்குக் குறி விழுந்தது. மீதி ஒன்பதின் மேல் மிளகு என்ற கறுப்புப் பெட்டை படுத்திருந்தது.

இருபதாம் நாள், உச்சி வெயில். குஞ்சு பொரிக்கும் தறுவாயில் அடைக்கோழி என்ன நடந்தாலும் கூட்டை விட்டு இறங்காது. மிளகு இறங்கியது. தீனிப் பக்கமோ தண்ணீர்ப் பக்கமோ திரும்பாமல் நேரே எருக்குழிக்குப் போனது. தலையைச் சாய்த்து, அடித்தொண்டையில் 'க்ளுக், க்ளுக்' என்றது. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சோடு மட்டும் தாய்க்கோழி பேசும் பேச்சு அது. மற்ற கோழிகள் வேலியோரம் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் கிளறவில்லை. காலையிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒரு தடவையும் கூவவில்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

அவள் மிளகைத் தூக்கிக் கூட்டில் விட்டாள். திரும்பி வந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது.

"என்னடி கூத்து இது? முட்டையெல்லாம் ஆறிப்போயிடும்டி!"

கணவர் ஒன்பது முட்டைகளையும் கம்பளியில் சுற்றி, சுடுதண்ணீர்ப் பைமேல் வைத்துவிட்டு வந்தார். அதற்குள் அவளுக்கும் கேட்டுவிட்டது. மண்ணுக்கடியிலிருந்து, மெல்லியதாய், 'கீச்' என்று. அவள் மண்டியிட்டாள்.

"உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. என் காதைத்தான் பஸ் இன்ஜின் எப்பவோ தின்னுடுச்சே."

அவள் கையாலேயே தோண்டினாள். எரு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. நாலாவது பிடியில் ஒரு முட்டை வந்தது. ஓட்டில் அவள் பென்சில் குறி. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரிசல் விட்டு, ஒரு குட்டி மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுடா தங்கம்" என்று அழுதுகொண்டே முட்டையை மிளகின் காலடியில் வைத்தாள். இதற்காகத்தானே வந்தது, இனி கூட்டுக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தாள்.

மிளகு அதை ஒரு தடவை பார்த்தது. பிறகு குழியின் பக்கம் திரும்பி, மறுபடியும் 'க்ளுக், க்ளுக்' என்றது.

கீழேயிருந்து பதில் வந்தது. ஒரு குரல் இல்லை. குழியின் அந்தக் கோடியிலிருந்தும் இந்தக் கோடியிலிருந்தும், ஆழத்திலிருந்தும், சன்னமாகப் பல குரல்கள். இந்தத் தடவை கணவருக்கும் கேட்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

"எதுவரைக்கும் தோண்டணும்?"

அக்கா முட்டையின் மேலிருந்த பென்சில் குறியை விரலால் தடவினாள்.

"எனக்குக் கண்ணு மங்கி எட்டு மாசம் ஆச்சுங்க," என்றாள். "அதுவரைக்கும் தோண்டுங்க."