மேடையைத் தொட்ட கை

எனக்கு எண்பத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்றுகூட ஊரார் வாயில் விழவில்லை. மலாயாவில், கெடாவில், ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். இருந்தாலும் இதை யாரையும் எழுதித்தரச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில், வெரிபீயில் கடைசி மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

போன மாதம் பேத்தியின் தாய்லாந்துக் குத்துச்சண்டையைப் பார்க்கப் போயிருந்தோம். ஆமாம், சண்டை போட்டதே அவள்தான். மண்டபத்தில் ஒலிபெருக்கியில் குழல் ஒலித்தது. அவள் கயிற்றைப் பிடித்து மேடையேறப் போனாள். என்னையும் அறியாமல் எழுந்து, "தொடாதடி!" என்று கத்திவிட்டேன். முன்வரிசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள். பேத்தி மேலிருந்தே சிரித்தாள். "பாட்டி, இட்ஸ் ஓகே! இங்க யாரு வேணா தொடலாம்."

காரில் திரும்பும்போது, "ஏன் பாட்டி அப்படிக் கத்துனீங்க?" என்று பேத்தி கேட்டாள். "வயசாச்சு, விடு" என்றாள் மகள். வயதானதால் நான் கத்தவில்லை.

நடந்தது எனக்கு ஒன்பது வயதில். அதற்கு முன்பு யுத்தக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு, இப்போது தாய்லாந்து என்கிறார்களே அங்கே, ரயில்பாதை போட எங்கள் தோட்டத்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிப் போயிருந்தான். அப்பாவும் அதில் போனவர். யுத்தம் முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் எங்கே விழுந்தார்கள், யார் மண் தள்ளினார்கள் என்று வந்தவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்ல வரவில்லை. அம்மா பொட்டு வைத்துக்கொண்டே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். குழாயடிக்கு அவள் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். "யாருக்குடி இந்தப் பொட்டு?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா வாளியைத் தூக்கினாள்.

மாமா, அம்மாவுக்குத் தம்பி, ஒரு சீன முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவை அவர் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்ததோடு சரி. ஒருநாள் வந்து, "அக்கா, எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தர் கோயில் திருவிழா. குத்துச்சண்டையெல்லாம் உண்டாம். புள்ளையையும் கூட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்துட்டு வருவோம்" என்றார். பிறகு குரலை இறக்கினார். சண்டை மேடையில் பையன்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவன் இருக்கிறானாம். நம்மாளாம். ரயில்பாதைக்கு வந்தவனாம்.

அம்மா மறுநாள் கூறைப்புடவையை எடுத்துக் கட்டினாள். அவ்வளவு போதும் எனக்கு. அப்பாவை அழைத்துவரப் போகிறோம் என்று லயத்து வீடுகள் முழுக்க ஓடி ஓடிச் சொல்லிவிட்டேன். அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லையில் காவல்காரன் கேட்டதற்கு, வேடிக்கை பார்க்க வந்தோம் என்றார் மாமா. அங்கே எங்களைப் போல வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நிறைய இருந்தது. சீனக் கடைக்காரர்கள், முன்னால் நாற்காலி போட்டு இரண்டு வெள்ளைக்காரத் துரைமார். கோயில் வாசலில் பலகை மேடை, சுற்றிலும் கயிறு, மூலைக்கொரு பெட்ரோமாக்ஸ். ஓரத்தில் ஒரு கிழவர் குழல் ஊதினார். நம்ம நாகஸ்வரம் போலத்தான், ஆனால் கல்யாணத்துக்கு ஊதுவது போல இல்லை.

இரண்டு பையன்கள் ஏறினார்கள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். தலையில் கயிற்றால் முறுக்கிய வளையம். மண்டியிட்டு மூன்று தரம் விழுந்து கும்பிட்டு, குழலுக்கு ஏற்றபடி மேடையை மெதுவாகச் சுற்றி ஆடினார்கள். அடிக்கப் போகிறவன் ஏன் இத்தனை கும்பிடு போடுகிறான் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆடி முடித்து நீலக் கால்சட்டைக்காரன் தன் மூலைக்குப் போனான். அங்கே மெலிந்து கறுத்த ஒரு ஆள் அவன் தலை வளையத்தைக் கழற்றினான். கழற்றியவன், பையனின் கன்னம் இரண்டையும் கையால் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தான். பத்து விரலும் முறிந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

"பொம்பளை மாதிரி திருஷ்டி கழிக்கிறான் பாரு" என்று மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது தினமும் எனக்கு அப்படித்தான் நெட்டி முறிப்பாராம், கங்காணிகூடக் கேலி செய்வானாம். இதை அம்மா எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்து, அவள் படுக்கையில் விழுந்த பிறகு.

அம்மா எழுந்து நேராக மேடையிடம் போனாள். நானும் பின்னாலே ஓடினேன். அவள் பலகையில் கையை ஊன்றினாள். அவ்வளவுதான், கூட்டம் ஓவென்று கத்தியது. குழல் நின்றது. பெண்பிள்ளை தொட்டால் மேடையின் காப்பு போய்விடும், ஏறியவன் உயிருக்கு ஆகாது என்பது அவர்கள் வழக்கம். எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆள் குதித்து இறங்கி வந்தான்.

"கைய எடும்மா. பொம்பளைங்க தொடக்கூடாது."

தமிழ்! அம்மா கையை எடுக்காமலே அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள் அம்மா.

அவன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தான். வேர்வையே இல்லாத முகம். "நான் எந்தத் தோட்டமும் இல்லம்மா. இந்த ஊருதான்."

"அப்ப சரி" என்று அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

இடத்துக்குத் திரும்பியதும் மாமா பறந்தார். "என்னக்கா? மச்சானா?"

"இல்ல."

"தமிழ் பேசுறானே!"

"தமிழ் பேசுறவனெல்லாம் உனக்கு மச்சானா? உட்காரு. வேடிக்கை பார்க்கத்தானே கூட்டியாந்த, பாரு."

பார்த்தோம். ஒரு சாமியார் வந்து மேடைக்குத் தண்ணீர் தெளித்தார், சண்டை தொடங்கியது. நீலக் கால்சட்டைக்காரன் முதலில் நன்றாகத்தான் உதைத்தான். பிறகு எதிராளியின் முழங்கை அவன் புருவத்தைப் பிளந்தது. இடைவேளையில் மூலைக்கு வந்து முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான். அந்த ஆள் துணியை நனைத்துப் பிழிந்தான், மறுபடி நனைத்துப் பிழிந்தான், முகத்தைத் துடைக்கவே இல்லை. அவன் கண் எங்கள் பக்கமே இருந்தது. பையன் ரத்தம் மறைத்த கண்ணோடு திரும்பப் போய் நின்றான். கழுத்தில் விழுந்த உதைக்கு வெட்டிய மரம் போல விழுந்தான். துரைமார் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நாலு பேர் அவனைப் பலகையில் தூக்கிப் போனபோது ஒரு கை தொங்கி ஆடியது. பிழைத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கூட்டம் கலைகிற நேரம், கால்களுக்கு நடுவே ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டு வந்தது. இரண்டு வயது இருக்கும். என் கையிலிருந்த கடலையில் கொஞ்சம் அதற்குக் கொடுத்தேன். பானை வைத்துச் சர்பத் விற்றுக்கொண்டிருந்த சயாம்காரி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள். எங்களைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு போய் அந்த ஆளின் தோளில் பிள்ளையை ஏற்றிவிட்டாள். அது அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கடலையைத் தின்றது. துரைக்கே கைகூப்பாத என் அம்மா, அந்தச் சர்பத்காரிக்குக் கைகூப்பினாள். கோயில் வாசல் அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பி விடிந்ததும் அம்மா பொட்டை அழித்துவிட்டு, "அவரு செத்துட்டாரு. கருமாதிக்கு ஆளச் சொல்லு" என்றாள்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா இது? செத்ததை யாரு பார்த்தா?"

"நான் பார்த்துட்டேன். போதும்."

குழாயடிப் பெண்கள் வந்து மாரடித்து அழுதார்கள். பொட்டு யாருக்கு என்று கேட்டவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். அம்மா அழவில்லை. நான் அழுதேன், அப்பாவுக்காக இல்லை. லயம் முழுக்கச் சொல்லிவைத்த பெருமை போன ஆத்திரம். "நீ ஒழுங்காவே தேடல! ஒரே ஒரு ஆளத்தான் பார்த்த! வேற மேடைக்கெல்லாம் போய்ப் பார்த்தியா?" என்று அம்மாவின் முதுகில் குத்தினேன். அவள் குத்து வாங்கிக்கொண்டு அரிசி களைந்தாள். அம்மா சரியாகத் தேடவில்லை என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சரி. பேத்தி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இத்தனை வருஷம் அனுப்பியது இதற்குத்தான். அந்தக் கை உறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார். முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. அம்மா ‘இல்ல’ என்று சொல்கிற இடத்தில் என் முகத்தைப் பார்க்காதே. நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போ.