தாயார் முன் செய்த சத்தியத்தை மீறினேன்

பெருமாள் அடியார்களே, சென்ற ஐப்பசியில் ஒரு காலை என் கணவர் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுக் கூடத்தில் சுருண்டு விழுந்தார். காவிரியில் துலா ஸ்நானம் செய்த ஈரம்கூட அவர் தலையில் காயவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், ஆனால் பேச்சு குழறுகிறது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அன்று நான் அழுத அழுகை எதிரிக்கும் வேண்டாம்.

அவருக்கு எச்.ஐ.வி. உண்டு. எனக்கு இல்லை. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அது எங்கள் இருவருக்குள் பேசித் தீர்த்த விஷயம். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டுத் திடமாகத்தான் இருந்தார். தொழில் கல்யாணச் சமையல். சமைத்துப் போடுவதால் இது யாருக்கும் தொற்றாது. ஆனால் ஊர் வாய்க்கு அது புரியுமா? ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் எல்லா வீதிக்கும் தெரிந்த மாதிரிதான். அப்புறம் யார் அவரைக் கரண்டி பிடிக்க விடுவார்கள்? அதனால் என்னைத் தாயார் சன்னிதியில் நிறுத்தி, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மாத்திரைகள் லேகிய டப்பாவுக்குள் போயின.

அண்டா கிளறிக் கிளறி அவர் வலது தோள் இறுகிப்போனது. தெரிந்த முகம் எதிர்ப்படக் கூடாதென்று திருச்சியின் மறுகோடியில் எடமலைப்பட்டி புதூர் வரை போய் ஒரு டாக்டரிடம் தோளில் ஊசி போட்டுக்கொண்டார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்கத்தான் கேட்டார். ஒன்றும் இல்லை என்று இவர் சொன்னார். நானும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். வலி விட்டது. அடுத்த மாதமும் போட்டுக்கொண்டார். பிறகு முகம் பூரி மாதிரி உப்பியது. கல்யாணச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று நானே கேலி செய்தேன். கொஞ்ச நாளில் படியேறவே தெம்பில்லாமல் போயிற்று.

அவர் விழுந்த அன்று திருச்சி மருத்துவமனையில் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டிரிப்ஸ் ஏற்றியும் பயனில்லை. மாரடைப்பும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அங்கிருந்த பெண் டாக்டர் என்னிடம் வந்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு சொல்லுங்கம்மா. ஒண்ணுகூட விடாதீங்க."

கட்டிலிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று அர்த்தம். இதோ வருகிறேன் என்று வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாயாரே, உன் முன்னால் செய்த சத்தியம். மீறினால் பாவம், மீறாவிட்டால் இவர் போய்விடுவார். நான் என்ன செய்ய? அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். உள்ளே யாரோ நர்ஸை அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

அப்போது நினைவுக்கு வந்தவர் உடையவர். யாருக்கும் சொல்லாதே என்று ஆசாரியன் ஆணையிட்டுத் தந்த மந்திரத்தைக் கோபுரமேறி ஊருக்கே சொன்னவர் அவர். எல்லாரும் பிழைத்தால் தான் ஒருவன் நரகம் போகலாம் என்று துணிந்தவர். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த நிமிஷம் யாரோ என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளியது போல இருந்தது. தாயார்தான் தள்ளினாள் என்று இன்றும் நம்புகிறேன்.

டாக்டரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, ஊசி, உப்பிய முகம், எதையும் விடவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை.

"நல்ல வேளை சொன்னீங்க. அந்த ஊசி ஸ்டீராய்டா இருக்கும், அது ஹார்மோன் மருந்து. இவர் சாப்பிடுற மாத்திரையில ஒண்ணு அதைக் கரைய விடாம உடம்புலயே தேக்கிடும். அதனால உடம்பு தன்னோட ஹார்மோனைச் சுரக்கிறதையே நிறுத்தியிருக்கும். இப்போ ஊசி மருந்தும் தீர்ந்து, ரெண்டும் இல்லாமத்தான் அழுத்தம் இறங்குது."

உடனே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் குறைந்துபோன ஹார்மோனை நரம்பு வழியே ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் ரத்த அழுத்தம் நிமிர்ந்தது. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் டாக்டரைக் கலந்து, பிற்பாடு அந்த ஒரு மாத்திரையை மட்டும் மாற்றினார்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார்கள்.

இப்போது தாயாரைச் சேவிக்க இருவரும் சேர்ந்தே போகிறோம். எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரைகளை அவரே எடுத்து மேஜையில் வைக்கிறார். உங்களில் யாராவது இப்படி ஒன்றை மனசுக்குள் பூட்டி வைத்துத் தவித்தால், தாயாரிடம் அழுங்கள். அழுதுவிட்டு வைத்தியரிடம் வாயைத் திறங்கள். அந்தத் தைரியத்தை அவள் கட்டாயம் தருவாள், எனக்குத் தந்தாள்.

அன்று சாயங்காலம் கண் விழித்ததும் இவர் கேட்டார்: "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சத்தியத்தை மீறின பாவம் எனக்கே இருக்கட்டும்."

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"நரகத்துக்கு நீ தனியாப் போக வேண்டாம்டி. நானும் வரேன்."