மூன்று தடவை கேட்டவள்

சந்தேகம் சிலருக்குப் பிறவிக் குணம். அனந்தலக்ஷ்மிக்கு அது உத்தியோகத்தோடு வந்தது. அலிப்பூர் கோர்ட்டின் நகல் பிரிவில் இருபது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. அசல் தீர்ப்பை இடது பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், டைப் அடித்த நகலை வலது பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. ஒரு தேதி மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். அந்தக் கண்ணை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வரமாட்டாள். பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு தடவை பார்ப்பாள். புருஷன் மஹாதேவன் பாங்கிலிருந்து தாமதமாக வந்து "டிராஃபிக்" என்றால், எந்த ரோட்டில் என்று கேட்பாள்.

இப்பேர்ப்பட்டவள் ராப் பாட்டுக்கு வலைப்பதிவு நடத்துகிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நாற்பத்து நாலு வயது. கல்கத்தாவுக்கு வந்து மூன்று தலைமுறையான தமிழ்க் குடும்பம். லேக் கார்டன்ஸில் சொந்த ஃப்ளாட். உறவுக்காரர்கள் எல்லாம் டிசம்பரில் சென்னைக் கச்சேரிக்கு டிக்கெட் போடுகிற ஜாதி. ஆனால் நடத்தினாள், பத்து வருஷமாக. ஒரு மழை நாளில் டாலிகஞ்ச் ஆட்டோ வரிசையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது, முன்னால் நின்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவன் அந்தத் தண்ணீரையும் ஆட்டோக்காரனையும் தன் மேனேஜரையும் சேர்த்து வங்காளத்தில் தாளம் தப்பாமல் திட்டித் தீர்த்தான். வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவன் பெயரைத் தேடினால் ஒரு பேப்பரிலும் இல்லை. இவ்வளவு நன்றாகச் சொல்கிறவனைப் பற்றி ஒரு வரி எழுத இந்த ஊரில் நாதி இல்லையா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் ஆரம்பித்ததுதான் 'ராப் காத்தா'. காத்தா என்றால் வங்காளத்தில் நோட்டுப் புத்தகம்.

ராப் காத்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு. பாடுகிறவர் அவள் வீட்டு ஹாலில் வந்து உட்கார வேண்டும். பின்னணி இசை கிடையாது. அவள் ஒரு சொல் கொடுப்பாள். அதை வைத்து அந்த இடத்திலேயே பதினாறு வரி சொல்ல வேண்டும். சொன்னால்தான் எழுதுவாள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறவர்கள் மூன்றாவது வரியிலேயே வேர்த்து விறுவிறுத்து எழுந்து போவார்கள். அதனால் அவள் எழுத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. "லக்ஷ்மி-தி சொன்னா அது சரக்கு" என்பார்கள். தி என்றால் அக்கா, தா என்றால் அண்ணன். வருஷக் கடைசியில் தெற்குக் கல்கத்தாவில் பெரிய ராப் நிகழ்ச்சி நடத்துகிற சுப்ரியா, மேடையில் ஒரு புதுமுகத்தை அவள் பேச்சை நம்பித்தான் ஏற்றுவாள். அந்த மேடையில் ஏறியவர்களைத் தேடிப் பாட்டுக் கம்பெனிகள் வந்திருக்கின்றன.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு பாட்டு வந்தது. பாடியவள் பெயர் கவிதா, பெஹாலாவில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் வேலை. பாட்டும் அந்தக் கவுண்டரைப் பற்றித்தான். 'உன் பெயரைக் கூப்பிடுகிறேன், உறையை நீட்டுகிறேன், உள்ளே இருப்பது உனக்கு முன்னால் எனக்குத் தெரியும்' என்று வங்காளத்தில் ஒரு வரி. அனந்தலக்ஷ்மி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலேயே மறுபடி கேட்டாள். உடம்பு சிலிர்த்தது. உடனே வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். இருபத்து மூன்று வயது, ஒல்லி, சிரிப்பதற்கு யோசிக்கிற முகம். சோபாவில் உட்கார்ந்ததும் தமிழில் பேசினாளே பார்க்கலாம்!

"நாங்களும் தமிழ்தான்கா. அப்பா பேரு சிவலிங்கம். ரயில்வேல இருந்தாரு, கார்டன் ரீச்சுல. அம்மாவுக்கு வேலூர் பக்கம்."

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அனந்தலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தமிழச்சி நடத்துகிற பதிவில் தமிழ்ப் பெண்ணைத் தூக்கிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளுக்கு அந்த பயம் எப்போதும் உண்டு. ஆபீசில்கூடத் நகல் வாங்கத் தமிழர் யாராவது வந்தால் வேண்டுமென்றே வங்காளத்தில் பேசுவாள்.

'குடை' என்று ஒரு சொல் கொடுத்தாள். கவிதா கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் பதினாறு வரி சொன்னாள். அனந்தலக்ஷ்மி, "இன்னொண்ணு" என்றாள். 'மாடிப்படி.' அதற்கும் சொன்னாள். சட்டப்படி ஒன்றே போதும், இரண்டு ஆயிற்று. அப்போதும் மனசு ஆறவில்லை.

"இன்னும் ஒரே ஒண்ணு. 'பூட்டு'."

கவிதா அவளை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவதையும் சொன்னாள், கொஞ்சம் கோபமாகவே. அதுதான் மூன்றிலும் நன்றாக இருந்தது. காபி கொடுத்து அனுப்பிவிட்டு அனந்தலக்ஷ்மி சுப்ரியாவுக்கு எழுதினாள்: இந்த வருஷம் ஒரு பெண் இருக்கிறாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு எதையோ தேடும்போது ரஞ்சனின் பாட்டு ஒன்று காதில் விழுந்தது. பெஹாலாவில் ஒரு கார் ஷெட்டை ஸ்டூடியோவாக்கி வைத்திருப்பவன், தானும் பாடுவான். 'எனக்கு எதுக்கு டெஸ்ட்' என்று அவள் ஹால் பக்கமே வராதவன். அவன் பாட்டில் நாலாவது வரி முடியாமல் பாதியில் நின்றது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு விட்ட சொல்லாலேயே அடுத்த வரி தொடங்கியது. கவிதாவின் பாட்டிலும் இதே நடை, இதே இடைவெளி. அனந்தலக்ஷ்மிக்குக் காது விடைத்தது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் ரஞ்சன், மே பதினொன்று. வலது பக்கம் கவிதா, ஆகஸ்ட் இரண்டு. ஒன்பது இடத்தில் ஒத்துப்போயிற்று.

"கவிதா பாட்டை ரெக்கார்ட் பண்ணினதும் அந்த ரஞ்சன் ஸ்டூடியோவுலதான். அவன் எழுதிக் குடுக்கறான், இவ பாடறா. மூணு தடவ கேட்டும் நான் ஏமாந்துட்டேன் பாருங்கோ."

மஹாதேவன் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அவன் இவகிட்டேர்ந்து எடுத்திருக்கப்படாதா?"

"தேதி இருக்கே! மே முன்னாடி வருமா, ஆகஸ்ட் முன்னாடி வருமா?"

"உன் எதிர்ல வச்சுத்தானே அந்தப் பொண்ணு மூணு தடவ சொன்னா? அப்ப யாரு எழுதிக் குடுத்தா?"

"சாமர்த்தியம் இருக்கும். அதனால எல்லாம் சொந்தச் சரக்குன்னு ஆயிடுமா?"

"பகவானே, ஒனக்குப் பொண்ணா பொறக்காம தப்பிச்சவா பல பேர்" என்றார் அவர். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. கவிதாவுக்குப் போன் போட்டாள். நேராகவே கேட்டாள்: "உன் பாட்டு வரிக்கும் ரஞ்சனுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. யாரோ வங்காளத்தில் ரிப்போர்ட் கேட்டு அதட்டுவது மட்டும் கேட்டது. பிறகு கவிதா மெதுவாக, "என் பாட்டு என்னோடதுதான்கா" என்றாள்.

கேள்விக்கு அது பதிலா? மடியில் கனம் இல்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? அந்த மௌனத்தைத்தான் அனந்தலக்ஷ்மி பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே சுப்ரியாவுக்கு இரண்டாவது கடிதம் போயிற்று. 'அந்தப் பெண்ணை நிறுத்தி வை. ரஞ்சன் மே மாதம் வெளியிட்ட நடை அப்படியே இருக்கிறது. அசல் அவனுடையது என்று நினைக்கிறேன்.' அனுப்பிவிட்டு நிம்மதியாக மோர் குடித்தாள். கடமையைச் செய்த நிம்மதி, வேறென்ன!

நவம்பரில் போஸ்டர் வந்தது. புதுமுகம் என்ற இடத்தில் ரஞ்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அசல் அவனுடையது என்றால் அவனையே கூப்பிடலாமே என்று சுப்ரியா நினைத்திருக்கிறாள். நியாயம்தானே?

மறுநாள் மதிய இடைவேளையில் கவிதா அலிப்பூருக்கே வந்துவிட்டாள். கோர்ட் வாசலில் டீக்கடை பெஞ்சில் அனந்தலக்ஷ்மி டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். கவிதா எதிரில் உட்காரவில்லை. நின்றபடியே போனை நீட்டினாள்.

"கேளுங்க."

பஸ் இரைச்சல். கண்டக்டர் "தாராதலா, தாராதலா" என்று கத்துகிறான். நடுவில் கவிதாவின் குரல், வரிவரியாக, மெதுவாக, யாருக்கோ எழுதிக்கொள்ளச் சொல்கிற மாதிரி. நாலாவது வரியைப் பாதியில் விட்டு, 'இங்க மூச்சு வாங்கணும், ரஞ்சன்-தா' என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினாள். ரஞ்சனின் பாட்டு முழுக்க அதில் இருந்தது. திரையில் தேதி பார்த்தாள். மார்ச் மூன்று. அடுத்தது மார்ச் ஒன்பது. இன்னும் ஆறு குரல் பதிவுகள் இருந்தன.

அனந்தலக்ஷ்மி டிபன் டப்பாவை மூடினாள். இருபது வருஷம் ஒப்பிட்டவள், அசலை எடுத்து வலது பக்கம் வைத்துவிட்டிருந்தாள்.

"அவனுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுத்தா எனக்கு ஸ்டூடியோவுல ரெண்டு மணி நேரம் தருவான்" என்றாள் கவிதா. "என்ன மாதிரி காசில்லாதவங்களுக்கு வேற வழி கிடையாது. வெளிய சொல்லக் கூடாதுன்னு பேச்சு. நீங்க போன்ல கேட்டப்ப சொல்லியிருந்தா கதவ சாத்தியிருப்பான். அப்பறம் எங்க போய்ப் பாடறது?"

"அப்ப நீ பொய் சொல்லலை..."

"எப்ப சொன்னேன்? என் பாட்டு என்னோடதுன்னேன். அவன் பாட்டும் என்னோடதுன்னு சொல்லல, அவ்ளோதான்." போனைப் பையில் போட்டாள். "எல்லாருக்கும் ஒரு வார்த்தை குடுப்பீங்களாமே. எனக்கு ஏங்கா மூணு?"

பொய் சொல்லியிருக்கலாம். அனந்தலக்ஷ்மி சொல்லவில்லை. "நீ தமிழ்ப் பொண்ணு. வேண்டப்பட்டவாளுக்குப் பண்றான்னு ஒருத்தரும் என்னைச் சொல்லிடப்படாதுன்னு..."

"கவுண்டர்ல கத்தறவங்களுக்கு நான் மதராஸி. உங்களுக்கு நான் தமிழ்ப் பொண்ணு. ரஞ்சன்-தாவ ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? ஒரே ஒரு வார்த்தை?"

கேட்கவில்லை. அவனை எதிரில் உட்கார வைத்ததே இல்லை. தேதி ஒன்றைப் பார்த்தே அவன் கையில் அசல் பட்டத்தைக் கொடுத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. டீக்கடை பெஞ்சு பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "நான் சரி பண்றேன். சுப்ரியாகிட்ட எல்லாத்தையும் சொல்லட்டுமா?" என்றாள். "சொல்லுங்க, இனிமே என்ன?" என்றாள் கவிதா.

அங்கேயே போன் போட்டாள். சுப்ரியா பொறுமையாகக் கேட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

"லக்ஷ்மி-தி, முதல்ல அந்தப் பொண்ணு அசல்னீங்க. அப்புறம் நகல்னீங்க. இப்ப மறுபடி அசல்ங்கறீங்க. போஸ்டர் அடிச்சாச்சு." குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்கதானே? எனக்குப் புரியுது, தி. என் ஆளா இருந்தா நானும் செய்வேன்."

எந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு பெண்ணை மூன்று தடவை கேட்டாளோ, அந்தப் பேச்சு தேனில் குழைத்து வந்துவிட்டது. "நான் குரல் பதிவை அனுப்பறேன், தேதியோட" என்றாள் அனந்தலக்ஷ்மி. "தேதியெல்லாம் போன்ல மாத்திக்கலாமாம்" என்றாள் சுப்ரியா. அந்த மாதிரிப் பதிலை அனந்தலக்ஷ்மி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! போனை வைத்தபோது கவிதா பெஞ்சருகில் இல்லை. பஸ் ஸ்டாப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

ரஞ்சன் மேடையேறினான். நல்ல கைதட்டலாம். அனந்தலக்ஷ்மி போகவில்லை. தன் பிழையை ராப் காத்தாவில் எழுத நினைத்து நாலு தடவை ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் அது தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்கிற மாதிரியே வந்தது. அழித்தாள்.

ஜனவரியில் மஹாதேவன் காலையில் போனும் கையுமாக வந்தார். "அனந்தி, பாங்க்ல சின்னவா எல்லாம் இதத்தான் கேட்டுண்டிருக்கா. நீ கேட்டியோ?" கேட்கவில்லை. ராப் காத்தாவுக்கு அது வரவே இல்லை. கவிதா ஸ்டூடியோ இல்லாமல், பரிசோதனை நிலையத்தின் மாடிப்படியில் நின்று போனிலேயே பாடியிருந்தாள். பின்னணி இசையும் கிடையாது.

பாட்டில் ஒரு பெண்மணி வருகிறாள். ஹாலில் மெத்தென்ற சோபா. காபி நன்றாக இருக்கிறது. 'பேசு' என்கிறாள், பேசினால் 'இன்னொரு தடவை' என்கிறாள். இரண்டு தாளை வைத்துக்கொண்டு தேதியைப் பார்க்கிறாள், எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்கவில்லை. என் பாஷை பேசுகிறாள், அதனாலேயே என்னை நம்பவில்லை. நாலாவது வரி பாதியில் நின்றது.

அனந்தலக்ஷ்மி ஒரே தடவைதான் கேட்டாள். மஹாதேவன், "ரொம்பப் படுத்தியிருக்காளோ?" என்று பயந்துகொண்டே கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவமானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம், அடடா, என்னமா எழுதியிருக்கிறாள் என்று மனசு துள்ளியது. இரண்டும் சேர்ந்து அவளை அழவைத்தன.

பிறகு ஆபீசுக்கு நேரமாவதையும் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ராப் காத்தாவில் அதுவரை வந்ததிலேயே சின்னப் பதிவு அதுதான்.

'இந்தப் பாட்டில் வருகிற பெண்மணி நான். அவள் சொல்வதெல்லாம் நடந்தது. ஒவ்வொரு வரியும் கவிதாவுடையது.'

கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள்.