அவள் நீட்டிய விரல்

வளையல்கள் முழங்கைவரை சரிய, அரண்மனை விதானத்தை நோக்கி உயர்ந்து நின்ற என் மனைவியின் வலக்கை. அந்த நாளில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அது ஒன்றுதான். அவ்விரல் எதைக் காட்டியது என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து நாங்கள் எங்கே புறப்பட்டாலும் ஏதேனும் ஒரு சந்நிதியில்தான் சென்று நிற்போம். மணமான நாள்முதல் கோயிலூர்களைத் தவிர வேறெதையும் நான் அவளுக்குக் காட்டியதில்லை. ஒருநாள், "ஒரே ஒருக்கா கோயிலில்லாத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. ராசா இருந்த வூடு எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்" என்றாள். இசைந்தேன். தருமபுரியில் விடியற்காலைப் பேருந்தேறிப் பெங்களூர் சென்றோம். பழைய கோட்டையில் எஞ்சியிருந்த மதிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அருகிலிருந்த மர அரண்மனைக்கு நடந்தோம். அதையொட்டியே ஒரு பெருமாள் கோயில்! மணியோசை கேட்டதும் என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். "இங்கயும் வந்து உக்காந்துட்டாருங்களா உங்காளு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கொடுத்த வாக்கைக் காத்தேன், கோயிலுக்குள் அடிவைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஆனால், மண்ணாண்டு மண்ணாகிப்போன மன்னனின் மாடத்தில் எனக்கென்ன வேலை என்ற எண்ணத்தோடு, தலைகவிழ்ந்து, உதட்டுக்குள் பாசுரம் சொல்லியபடியே அவள் பின்னால் நடந்தேன். அவள் ஒவ்வொரு தூணருகிலும் நின்றாள். "இங்க பாருங்க, மேல பாருங்க" என்றபோதெல்லாம் "ம்" என்றேன். எடுத்த பதிகத்தை இடையில் விடுவது அபசாரமென்று கருதினேன்.

இப்போது சர்க்கரை நோய் அவள் பார்வையை ஏறக்குறைய முழுவதும் கொண்டுபோய்விட்டது. நிழலாட்டம் மட்டும் தெரிகிறது. மாலையில் விளக்கேற்றியபின் என்னருகே அமர்ந்து, "அந்த அரமனையில மேல போட்டிருந்த பூவெல்லாம் என்ன கலருங்க?" என்று கேட்பாள். ஆயிரக்கணக்கான அடிகளை அட்சரம் பிசகாமல் சுமக்கும் நெஞ்சில் அந்த ஒரு பூ இல்லை. நாணத்தால் பொய் சொன்னேன். பாசுரங்களில் படித்திருந்த பவளத்தூணையும் மணிமாடத்தையும் செந்தாமரையையும் எடுத்து அந்த அரண்மனைக்குச் சூட்டினேன். பல மாலைகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மெல்லச் சிரித்தாள். "பவளத்தூணுங்களா? அது மரமுங்க. கையால தடவிப் பாத்தேனே, அங்கங்க வெடிச்சிருந்துச்சு." பிறகு சொன்னாள்: "தொட்டதெல்லாம் ஞாபகமிருக்குதுங்க. கலருதான் நழுவிப் போவுது. நீங்க வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் கோபித்திருக்கலாம், கோபிக்கவில்லை. அவள் என்னிடம் நம்பி ஒப்படைக்க முயன்றதை, நான் வாங்கவே மறுத்திருக்கிறேன். இறைவனிடம் மன்னிப்பு வேண்டப் பாசுரங்கள் உண்டு. இவளிடம் வேண்ட எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

இன்று காலை வாசல் வேம்பில் பழகாத குரலில் ஒரு பறவை கூவியது. ஓசை வந்த திசையில் அவள் கை உயர்ந்தது. வளையல்கள் முன்போலவே சரிந்தன. "அது என்ன கலருங்க?" பறவையைப் பாடிய அடியொன்று நாவில் எழுந்தது. அதை நிறுத்திவிட்டு, விரல் காட்டிய கிளையைப் பார்த்தேன்.

"தவிட்டு நெறம், புள்ள. வாலோரத்துல கொஞ்சம் வெள்ளை."

"கண்ணு?"

அதற்குள் அது பறந்துவிட்டது.

"பாக்கல, புள்ள" என்றேன்.